ராயபுரத்தில் தலோரா நாட்டுத் தேர்தல்

தலோரா என்கிற நாட்டுக்குச் சென்னையில் ஒரு கௌரவத் தூதர் இருந்தார். பெயர் கலீலுல்லா. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் அவருடைய கடையின் மாடிதான் தூதரகம். கீழே வெங்காய மூட்டை, சோப்பு ஆயில் டிரம், கயிற்றுக் கட்டு. மேலே நீலமும் பச்சையுமாக ஒரு கொடி. மழைக்காலத்தில் அந்தக் கொடியை அவர் மனைவி ஜீனத் வீட்டுத் துணிகளோடு சேர்த்துத்தான் காயப்போடுவாள்.

தலோரா எங்கே இருக்கிறது என்று தெருவில் யாரும் அவரைக் கேட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. இந்தியப் பெருங்கடலில் எங்கோ மூன்று தீவுகள், கிராம்பு விளையும், சூரை மீன் கிடைக்கும். அதற்கு மேல் அவருக்கே தெரியாது. போனதில்லை. போகவும் முடியாது. கப்பல்களை வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்றாலும் படகில் கால் வைத்த மாத்திரத்தில் வாந்தி எடுப்பவர் அவர். கப்பலுக்குச் சாமான் ஏற்றுவதெல்லாம் ஆட்கள்தான்.

தூதரானதும் ஒரு விபத்துதான். தலோராவின் டெல்லித் தூதர் முட்டி ஆபரேஷனுக்குச் சென்னை வந்திருந்தார். தலோராக் கப்பல்களுக்குக் கறிகாய் கொடுப்பவர் என்ற முறையில் கலீலுல்லா ஆஸ்பத்திரியில் அறை பிடித்துக் கொடுத்து, வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடும் அனுப்பினார். ஊன்றுகோலோடு எழுந்து நடந்த அன்று தூதர், "எங்கள் நாட்டுக்கு நீங்களே இங்கே கான்சலாக இருந்தால் என்ன?" என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கலீலுல்லா சம்மதம் சொல்லிவிட்டார்.

காரில் பித்தளைத் தகடு வந்தது. குடியரசு தினத் தேநீர் விருந்துக்கு அழைப்பு வந்தது. அதற்காகவே ஒரு கோட்டு தைத்துக்கொண்டார். தெருவில் மட்டும் கான்சல் என்ற சொல் யார் வாயிலும் சரியாக நுழையவில்லை. "கேன்சல் பாய், என் தம்பிக்கு துபாய் விசா ஒண்ணு போட்டுக் குடேன்" என்று மீன் விற்கும் புஷ்பவல்லி வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள். துபாய் வேறு நாடு என்று அவர் விளக்குவார். "இன்னா பாய் நீ, ஒரே கடல்தானே?" என்பாள். வேலை என்று பார்த்தால், எப்போதாவது ஒரு மாலுமி பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான். அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை ஜீனத் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, உங்க நாட்டுல ராணுவம் பூந்துடுச்சாம்."

"நம்ம நாட்லயா?" என்று எழுந்தே விட்டார்.

"நம்ம நாடு இல்லீங்க, உங்க நாடு. யாரோ கர்னலாம். பார்லிமெண்ட்டைப் பூட்டிட்டு, அதிபரைப் புடிச்சு உள்ள போட்டுட்டானாம்."

மதியத்துக்குள் இரண்டு மின்னஞ்சல் வந்தன. ஒன்று கர்னலின் தேச மீட்புக் குழுவிடமிருந்து: இனி நாங்கள்தான் அரசு, எங்களை ஏற்கிறீர்களா? இன்னொன்று முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அதே டெல்லித் தூதரிடமிருந்து: இது துரோகம், மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் பக்கம் நில்லுங்கள். கலீலுல்லா சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். கை கழுவிய பிறகும் யோசித்தார். அனுப்பிய தக்காளி அழுகிவிட்டது என்று எந்தக் கப்பல்காரன் திட்டி எழுதினாலும் அவர் ஒரு பதில் போடுவார். அதையே இரண்டு பேருக்கும் போட்டார்: "கிடைத்தது. நன்றி. தங்கள் உண்மையுள்ள கலீலுல்லா."

பிறகு கடைக்குப் போய் உருளைக்கிழங்கு தரம் பார்த்தார். உலக அரசியலில் இவ்வளவு லாகவமாக நடந்துகொண்ட ஆள் ராயபுரத்தில் வேறு யாரும் இல்லை என்று அன்று சாயங்காலம் வரை அவருக்கு ஒரு எண்ணம்.

அடுத்த வாரம் இரண்டு பட்டியல்கள் வெளியாயின. பதவி பறிக்கப்பட்ட அரசின் ஆட்கள், துணிச்சலோடு தங்களுக்குத் துணை நிற்கும் கௌரவத் தூதர்கள் என்று படங்களோடு போட்டிருந்தார்கள். அதில் மருமகள் கல்யாணத்தில் கோட்டில் ரோஜாப்பூ குத்தியபடி எடுத்த படத்தில் கலீலுல்லா சிரித்துக்கொண்டிருந்தார். கர்னலின் ஆட்கள், புதிய அரசை மனமார வரவேற்ற தூதர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதிலும் அதே ரோஜாப்பூ.

"ரெண்டு வூட்லயும் மாப்பிள்ளையா நீங்க?" என்றாள் ஜீனத்.

"இதுக்குப் பேருதான் ராஜதந்திரம்" என்றார். ஆனால் யாராவது இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்ற நினைப்பில் சில நாட்கள் அவர் சரியாகத் தூங்கவில்லை.

பார்த்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

தலோராவைச் சுற்றியிருந்த நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஒரு தொடர்புக் குழு அமைத்தன. கர்னலுக்குக் கடன் நின்றது, அவருடைய தளபதிகளுக்கு விசா நின்றது, சூரை மீனை வாங்க ஆளில்லை. மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் கர்னல் தேர்தலுக்குச் சம்மதித்தார். வெளிநாட்டில் இருக்கும் தலோராக்காரர்களும் ஓட்டுப் போடலாம் என்பதற்கும் தலையாட்டினார். ஆனால் அந்த ஓட்டை நடத்தும் அதிகாரி யார்? ஒரு தரப்பு சொன்ன ஆளை மறு தரப்பு ஏற்கவில்லை. அப்போதுதான் குழுவின் சிறப்புப் பிரதிநிதி, ரெய்னா ஒல்சன் என்கிற பெண்மணி, இரண்டு பட்டியலையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கத்து நாடுகளில் இரண்டு தரப்பும் மனமார ஏற்றுக்கொண்ட தலோராத் தூதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். சென்னையில் ஓட்டை நடத்தும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ரெய்னா அம்மையார் தேர்தலுக்கு முந்தின நாள் ராயபுரம் வந்து சேர்ந்தார். சின்ன உருவம், நரைத்த தலை, ரப்பர் செருப்பு. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே புகுந்து மாடியேறி வந்து, கலீலுல்லாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு நெருக்கடியில் நடுநிலையைக் காப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், திரு. கலீலுல்லா. பலருக்கு அந்த முதுகெலும்பு இருக்கவில்லை."

கலீலுல்லா தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தேநீர்த் தட்டோடு வந்த ஜீனத் அங்கே நிற்காமல் வெளியே போய்விட்டாள். மாடிப்படியில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஓட்டுப் போட வேண்டியவர்களில் கொஞ்சம் பேர் சிகிச்சைக்காகச் சென்னையில் தங்கியிருந்த தலோராக்காரர்கள், கொஞ்சம் பேர் மாணவர்கள். பெரும்பாலானவர்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வந்திருந்த ஒரு தலோராக் கப்பலின் மாலுமிகள். மாலுமிகளை வேனில் அழைத்துவர ஏற்பாடாகியிருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மறித்து நின்றால் தாமதமாகும் என்று கலீலுல்லா அம்மையாருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார். அதுதான் அவர் எதிர்பார்த்த ஒரே ஆபத்து.

அன்று மாலை மேஜர் தொமே வந்தார். கர்னலின் ஆள், டெல்லியிலிருந்து. வாசனைத் திரவியமும் இஸ்திரி மடிப்புமாக இருந்தவர் நாற்காலியில் உட்காரும் முன் அதைக் கைக்குட்டையால் ஒரு தட்டு தட்டினார்.

"கப்பல் இன்று மதியமே துறையை விட்டு வெளியே போய் நங்கூரம் போட்டுவிட்டது" என்றார். "ஏதோ இயந்திரக் கோளாறு. யாரும் கரைக்கு வர முடியாது. பாவம்."

"அப்ப நாங்க பெட்டியை எடுத்துக்கிட்டு அங்க வரலாமே? விதியில அதுக்கு இடம் இருக்கு" என்றார் கலீலுல்லா. விதியில் இருந்ததால் சொன்னாரே தவிர, போகும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது.

மேஜர் சிரித்தார். "வரலாம். ஆனால் தூதர் நேரில் வர வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்றால் யார் என்ன செய்ய முடியும்? எங்கள் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இனி சாமான் யார் கொடுப்பது என்று தலைநகரில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பெயர் அடிபடுகிறது."

அவர் போன பிறகு கலீலுல்லா கட்டிலில் படுத்தார். வெட்கக்கேடு என்னவென்றால், உடம்பு நிஜமாகவே சுட்டது போல இருந்தது. யாரும் வற்புறுத்தாமலே மேஜரின் கட்டளைக்கு உடம்பு தானாக முன்வந்து கீழ்ப்படிகிறதே என்று அவருக்கே ஆச்சரியம். ஜீனத்தைக் கூப்பிட்டார்.

"தொட்டுப் பாரேன். அனலா கொதிக்குது."

அவள் அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃபேன் போடாம படுத்துகினு இருக்கீங்க."

மறுநாள் காலை மாடியில் ஓட்டுப்பதிவு ஆரம்பித்தது. நோயாளிகள் கைத்தாங்கலாகப் படியேறினார்கள். தெருவில் கூட்டத்தைப் பார்த்த புஷ்பவல்லி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டாள். "இன்னா பாய், எலீக்‌ஷன்னு சொல்லவே இல்ல? பூத் சிலிப் எங்க?" என்றாள். இது வேறு நாட்டுத் தேர்தல் என்று அவர் சொல்ல, "எந்த நாடா இருந்தா இன்னா, ஜெயிச்சா இந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி ஒழுங்கா வருமா?" என்று கேட்டாள். ரெய்னா அம்மையார் அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டு, வெகுநேரம் சிரித்தார்.

பத்து மணிக்கெல்லாம் அறை காலியாகிவிட்டது. கப்பலுக்குப் போகிற படகு எப்போது என்று அம்மையார் கேட்டார். கலீலுல்லா இருமினார். நெற்றியைத் தொட்டுக்கொண்டார். "நேத்திலேர்ந்தே உடம்பு ஒரு மாதிரி..." என்று தொடங்கிவிட்டார். அம்மையார் சீல் வைத்த பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது.

கப்பலின் சமையற்காரன் பெனெதோ. காய்கறி கேட்டு மாதாமாதம் பேசுகிற குரல்தான். ஆனால் இன்று குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"கான்சல் ஐயா, எல்லாரும் முகம் மழித்துக்கொண்டு தயாராக இருக்கிறோம். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறோம். பாதிப் பேருக்கு இது முதல் ஓட்டு. கேப்டன், நீங்கள் வரமாட்டீர்கள், உங்களுக்குக் காய்ச்சல் என்கிறார். நான் நம்பவில்லை. எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?"

கலீலுல்லாவுக்குக் கேப்டன் மேல் கோபம் வரவில்லை. மேஜர் மேலும் வரவில்லை. தன் காய்ச்சல் தனக்கு முன்னாலேயே கப்பலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்களை நினைத்தார். பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்பட்டு, அத்தர் பூசிக்கொண்டு வாசலில் நிற்பவர்களைப் போலத்தான் அவர்கள் அவருக்குத் தெரிந்தார்கள்.

"வந்துகிட்டே இருக்கேன்" என்றார். வார்த்தை வெளியே போன பிறகுதான் படகு ஞாபகம் வந்தது.

சப்ளைப் படகை ஓட்டுகிறவர் தவசிமுத்து. முதலாளி கோட்டு சூட்டோடு, கையில் சீல் வைத்த பெட்டியோடு படகுத்துறையில் வந்து நிற்பதை அவர் நம்பவில்லை.

"இன்னா பாய், நீயா வர்றே? வெங்காயம் கீதா பொட்டியில?"

"ஓட்டு."

"நான் ஓட்டுறேன், பொட்டியில இன்னா கீதுன்னு கேட்டேன்."

ரெய்னா அம்மையார் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரே எட்டில் படகில் இறங்கினார். கலீலுல்லாவை இரண்டு பேர் இறக்கினார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அலை படகைத் தூக்கிப் போட்டது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கரையில் மேலும் கீழும் ஆடின. கலீலுல்லா பெட்டியை மடியில் அணைத்தபடி தலையை மட்டும் வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். கோட்டின் மடிப்பு போயிற்று. அம்மையார் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "எல்லாச் சமாதான முயற்சியிலும் இந்தக் கட்டம் வரும்" என்றார்.

கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கியது. எத்தனையோ கப்பல்களுக்குக் கயிற்றேணி விற்றவர் அவர். தரத்துக்கு உத்தரவாதம் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றுதான் முதல் தடவையாக அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பெட்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டார்கள். அம்மையார் மளமளவென்று ஏறிப் போனார். கலீலுல்லா ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஸ்மில்லா சொன்னார். கீழேயிருந்து தவசிமுத்து, "கீழ பாக்காதே பாய், மேல போயிகினே இரு! நான் கீறேன், வுழுந்தா புடிச்சிக்கிறேன்!" என்று கத்தினார். அந்த உடம்பு விழுந்தால் படகோடு மூழ்க வேண்டியதுதான் என்று இருவருக்குமே தெரியும்.

மேலே கேப்டன் வழியை மறித்து நின்றார். வெள்ளைச் சட்டைகள் அவருக்குப் பின்னால் தூரத்தில் கூட்டமாக நின்றன.

"எனக்கு உத்தரவு இல்லை. நீங்கள் எந்த அரசின் தூதர்?"

இந்தக் கேள்விக்குத்தான் கலீலுல்லா ஒன்றரை வருடமாகப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, வாயில் கசப்பு. பேரம் பேசத் தெரியும், நயமாகப் பேசத் தெரியும். எதுவும் வரவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். கர்னலின் குழு வெளியிட்ட பட்டியலைத் தேடி எடுத்து, கேப்டனின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"ரோஜாப்பூ வெச்சிருக்கறது நான்தான். உங்க கர்னலே ஒத்துக்கிட்ட ஆளு. அவரு கையெழுத்துப் போட்ட தேர்தலை நடத்த வந்திருக்கேன். என்னைத் திருப்பி அனுப்புறதா இருந்தா, கர்னல் பட்டியல் தப்புன்னு எழுதிக் கொடுங்க. இந்தம்மாகிட்டக் கொடுத்துடுறேன்."

ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் காசிமேட்டு மீன் ஏலக்குரலில். கேப்டன் படத்தைப் பார்த்தார், கசங்கிய கோட்டைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

மாலுமிகள் சாப்பிடும் கூடத்தில் மேசை விரிப்பைத் திரையாகக் கட்டி ஓட்டுப்பதிவு நடந்தது. ஒருவன் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்ததா என்று துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒருவன் அழுதான். கடைசியாகக் கேப்டனே சீருடையைச் சரிசெய்துகொண்டு வந்து திரைக்குப் பின்னால் போனார். கப்பல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கலீலுல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி வரவில்லை. ஆனால் தன் வீரத்தில் அவருக்கே மயக்கம் வந்துகொண்டிருந்தது. வருங்காலத்தில் தலோராவின் தலைநகரில் தன் பெயரில் ஒரு சின்னத் தெருவாவது இருக்கும், பெரிய சாலை வேண்டாம் என்ற அளவுக்குப் போய்விட்டார்.

தேர்தலில் கர்னலின் கட்சி தோற்றது. நான்கைந்து நாட்கள் கர்னல் அரண்மனையை விட்டு அசையவில்லை. தொடர்புக் குழுவின் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் போன் செய்தன. அம்மையார் நேரில் போய் உட்கார்ந்தார். கடைசியில் கர்னல் தன் கிராம்புத் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார். பார்லிமெண்ட் கதவைத் திறந்தார்கள். கலீலுல்லா அந்தக் காட்சியைப் போனில் மூன்று நான்கு முறை பார்த்தார். ஜீனத்தையும் பார்க்க வைத்தார்.

பிறகு ஒவ்வொரு பெட்டியின் முடிவும் தனித்தனியாக வெளியானது. சென்னைப் பெட்டியில் கர்னலின் கட்சி அமோகமாக ஜெயித்திருந்தது. உலகத்திலேயே கர்னலுக்கு இவ்வளவு அன்பு காட்டிய வெளிநாட்டுப் பெட்டி வேறு இல்லை.

கலீலுல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏணி, வாந்தி, பிஸ்மில்லா எல்லாம் இதற்காகவா? ஜீனத் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். புதிய வெளியுறவு அமைச்சர் கூப்பிட்டு நன்றி சொன்னார். "சென்னையில்... ம்... மிக நேர்மையாக நடந்தது" என்று தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். ரெய்னா அம்மையாரும் கூப்பிட்டார். கலீலுல்லா மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் அவர் தடுத்தார்.

"கர்னல் எதைக் காட்டி முடிவை ஒப்புக்கொண்டார் தெரியுமா? உங்கள் பெட்டியைத்தான். 'எனக்குச் சாதகமான பெட்டியையும் ஒழுங்காக எண்ணியிருக்கிறார்களே, அப்படியென்றால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்' என்றார்."

அது உண்மையா, தன்னைத் தேற்றச் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நயமாகப் பேசுகிற தொழிலில் அம்மையார் தன்னைவிடப் பல படி மேலே என்று மட்டும் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அதே கப்பல் எண்ணூருக்கு வந்தது. இந்த முறை துறையில் கட்டியிருந்தார்கள். சாமானோடு ஆட்களை அனுப்பாமல் கலீலுல்லாவே போனார். நேராகச் சமையலறைக்குப் போய் பெனெதோவின் எதிரில் நின்றார்.

"நீ யாருக்குப் போட்டே? சொல்ல வேணாம்னா வேணாம்."

"கர்னலுக்குத்தான்" என்றான் பெனெதோ, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. "என் தீவுக்கு முதல் ஆஸ்பத்திரிப் படகு விட்டவர் அவர்."

"அடப்பாவி! பார்லிமெண்ட்டைப் பூட்டினவன்டா அவன்!"

"பூட்டினார். தப்புதான். ஆனால் பார்லிமெண்ட் திறந்திருந்தபோது படகு வரவில்லையே."

"அதுக்காக? படகு வேணும்னா எம்.பி.யைப் போய்க் கேக்கணும், மனு போடணும், மறியல் பண்ணணும்! துப்பாக்கி வெச்சிருக்கறவன் கொடுக்கறதை எத்தனை நாளைக்கு வாங்குவே? நாளைக்கு வேணாம்னு அவன் நிறுத்திட்டா யாரைப் போய்க் கேப்பே?"

சத்தம் கேட்டு மாலுமிகள் எட்டிப் பார்த்தார்கள். கலீலுல்லாவுக்கே தன் குரல் விசித்திரமாக இருந்தது. கால் வைக்காத ஒரு நாட்டின், பெயர் தெரியாத ஒரு தீவின் படகுக்காக நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது. நிறுத்த மனம் வரவில்லை.

"அவர் போனதுமே படகு நின்றுவிட்டதே" என்றான் பெனெதோ.

"புது சர்க்கார்கிட்டப் படகைப் பத்தி நான் எழுதுறேன்" என்றார். "அடுத்த தேர்தலுக்குள்ள உன் ஓட்டை மாத்திக் காட்டுறேன், பாரு."

"முயற்சி செய்யுங்கள்" என்ற பெனெதோ, இன்னொரு கத்தியை எடுத்து அவர் பக்கம் தள்ளினான். "அதுவரைக்கும் சும்மா நிற்க வேண்டாமே."

கலீலுல்லா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்த உருளைக்கிழங்கிலேயே ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"சரி, அந்தப் படகு ஏன் நின்னுச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."